நுவரெலியா மரக்கறித் தோட்டத்தில் யூரியாவுக்குப் பதிலாகக் கடற்பாசிச் சாறு தெளிக்கலாமா?

பதிலாக என்றால், முடியாது. கபிலக் கடற்பாசிச் சாற்றில் பொட்டாசியம் ஓரளவு உண்டு. நைதரசனும் பொசுபரசும் மிகக் குறைவு. நைதரசன் பற்றாமல் லீக்ஸ் வெளிறினால் இந்தப் போத்தல் உதவாது.

கபிலப் பாசி உண்மையில் தாவரமே அல்ல, தயற்றம் என்ற ஒற்றைக்கல நுண்பாசிகளுக்கு உறவு. பச்சையம் இருந்தும் ஃபியூகோசாந்தின் என்ற நிறப்பொருள் அதை மறைத்துவிடுகிறது. வேர் போலத் தெரிவது பாறையைப் பற்றும் உறுப்பு மட்டுமே. ஊட்டத்தை உடல் முழுவதும் உறிஞ்சும். வற்று நேரத்தில் வெயிலில் காய்ந்து, பெருக்கில் அலையில் அடிபடும் உயிர் அது. நீரிழப்பைத் தாங்க மனிற்றோல் என்ற சர்க்கரை மதுசாரம், முறியாமல் வளைய அல்ஜினேற்று என்ற பசைப்பொருள். சாற்றுக்குப் பெரிதும் பயன்படும் அஸ்கோபில்லம் வட அத்திலாந்திக் குளிர்க்கரைக்குரியது. இலங்கைக் கரைகளில் காண்பது சர்காசம்.

பலர் கோட்டைவிடுவது கலக்கும்போதுதான். சாற்றில் உள்ள அல்ஜினேற்று கல்சியத்தைச் சந்தித்தால் களியாகும். ஆகவே கல்சியம் நைத்திரேற்று, செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை எதனோடும் ஒரே தாங்கியில் ஊற்றாதீர்கள், தெளிமுனை அடைபடும். கல்சியம் உள்ள டொலமைட் கலந்த நீரும் வேண்டாம். அமிலக் கரைசலிலும் அல்ஜினேற்று திரிந்து படியும். சந்தேகமென்றால் ஒரு கண்ணாடிப் போத்தலில் சிறிதளவு கலந்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

அளவு லேபிளில் உள்ளபடியே. கூட்டினால் பலன் கூடாது. மழை இருட்டிய பிற்பகலில் தெளிப்பது வீண், இலையில் காய அதற்கு நேரம் வேண்டும். கரையொதுங்கிய பாசியை மலைக்கு ஏற்றி வருவதானால், முதலில் நன்னீரில் உப்பைக் கழுவிவிட்டே கூட்டெருவில் சேர்க்கவேண்டும்.