குழாய்வழி உணவு: டப்பாவின் பின்பக்கத்தையும் படியுங்கள்

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு என் தந்தைக்கு வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக உணவு கொடுத்து வருகிறோம். மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த ஃபார்முலா பவுடரையே இதுவரை வாங்கினோம். இப்போது 'முழு உணவுகளால் ஆனது' என்று அச்சிட்ட வேறொரு தயாரிப்பைக் கடைக்காரர் பரிந்துரைக்கிறார். விலை ஏறக்குறைய இருமடங்கு. அதற்குத் தகுந்த பொருள்தானா அது?

பதில்: முன்பக்கத்துச் சொற்களை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய இயலாது. பின்பக்கத்தில் உள்ள பொருள் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் அந்தப் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கிக் குறைவானதில் முடிய வேண்டும் என்பது விதி. முதல் சில இடங்களில் கோழி இறைச்சி, பட்டாணி, கேரட், தானியம் போன்றவை இருந்தால் அது பெயருக்கு ஏற்ற தயாரிப்பு. மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கப்படும் பொடி), பிரித்தெடுத்த புரதம், சுத்திகரித்த எண்ணெய் ஆகியவை முன்னால் நின்று, காய்கறிப் பொடிகள் கடைசி வரிகளில் வந்தால், நீங்கள் இப்போது வாங்கும் பவுடருக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு பெரிதும் அட்டையில்தான் இருக்கிறது. வைட்டமின்களும் தாதுக்களும் தனியாகச் சேர்க்கப்பட்டிருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். ஒரு நாளைக்குக் குழாயில் செலுத்தக்கூடிய குறிப்பிட்ட அளவுக்குள் எல்லாச் சத்துகளும் அடங்க வேண்டுமானால் அவற்றைச் சேர்த்தே ஆக வேண்டியிருக்கும்.

இதைவிட முக்கியமான வரி ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. 'ஒரே உணவாகப் பயன்படுத்தத் தகுந்தது' என்றோ, அதே பொருள்படவோ அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாயால் உண்பவர்கள் கூடுதலாகக் குடிப்பதற்கென்று தயாரிக்கப்பட்ட பானங்களும் புரதப் பவுடர்களும் அதே அலமாரியில், அதே அளவு டப்பாவில் விற்கப்படுகின்றன. அவற்றை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால், எடை குறையாமல் இருந்தாலும் சில சத்துகளின் பற்றாக்குறை உள்ளுக்குள் வளரும்.

தற்போதைய ஃபார்முலாவை உங்கள் தந்தையின் உடல் ஏற்றுக்கொண்டு, எடையும் மலப்போக்கும் சீராக இருந்தால், இருமடங்கு கொடுத்து மாற்றுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தொடர்ந்த வயிற்றுப்போக்கு, குமட்டல், உணவு எதுக்களித்தல் ஆகியவை இருந்தால் மாற்றிப் பார்ப்பதில் பொருள் உண்டு. ஆனால் அவற்றுக்கு மருந்து, வேகமாகச் செலுத்துதல், கிருமித்தொற்று ஆகியவையும் காரணமாகலாம் என்பதால், முதலில் உணவியல் நிபுணரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒன்று பவுடர், ஒன்று பாட்டில், ஒன்று பை. விலையை எப்படித்தான் ஒப்பிடுவது?

பதில்: டப்பாவுக்கு இவ்வளவு, பைக்கு இவ்வளவு என்று ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். 1000 கிலோகலோரிக்கு என்ன விலை என்று கணக்கிடுங்கள். உதாரணமாக, 100 கிராமுக்கு 450 கிலோகலோரி தரும் 400 கிராம் டப்பாவில் மொத்தம் 1800 கிலோகலோரி இருக்கும். நாளைக்கு 1500 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது ஒன்றேகால் நாளுக்கு மேல் வராது. 'ஒரு டப்பா ஒரு வாரம் வரும்' என்று கடையில் சொல்லப்படுவது, அதைத் துணை உணவாக இரண்டு மூன்று கரண்டி கலப்பவர்களுக்கான கணக்கு. அதை நம்பி அளவைக் குறைத்துக் கலந்தால், வீட்டில் பராமரிக்கப்படும் நோயாளி யாரும் கவனிக்காமலே மெலிந்து போகக்கூடும்.

செறிவையும் சேர்த்துப் பாருங்கள். சாதாரண ஃபார்முலா மில்லிலிட்டருக்கு 1 கிலோகலோரி தரும், 1.5, 2 கிலோகலோரி தருபவையும் உண்டு. செறிவு கூடினால் கொடுக்க வேண்டிய அளவு குறையும், ஆனால் அதனுடன் சேரும் தண்ணீரும் குறைந்துவிடும். 1 கிலோகலோரி வகையில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேலாகத் தண்ணீர் இருக்க, 2 கிலோகலோரி வகையில் அது ஏறக்குறைய 70 விழுக்காடுதான். ஆகவே 1500 கிலோகலோரியை முதல் வகையில் கொடுக்கும்போது 1200 மில்லிலிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே போகும். இரண்டாம் வகையில் 500 மில்லிலிட்டரைச் சற்றே தாண்டும். அந்த இடைவெளியை வெறும் தண்ணீரால் நிரப்ப வேண்டும். எவ்வளவு என்பதை இதய, சிறுநீரக நிலையை அறிந்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

கேள்வி: என் மாமியாருக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் சாப்பிடுவதையே மிக்ஸியில் அரைத்துக் கொடுத்தால் செலவும் மிச்சம், இயற்கையான உணவும் ஆயிற்று என்று உறவினர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: உறவினர்களின் எண்ணம் புதியதன்று. ஆயத்த ஃபார்முலாக்கள் பரவுவதற்கு முன்பு மருத்துவமனைகளே உணவை அரைத்துக் குழாயில் செலுத்தி வந்தன. இன்று நிபுணர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டில் அரைத்த உணவைப் பரிந்துரைக்கவில்லை. பிரிட்டிஷ் உணவியல் சங்கமோ, தகுந்த நோயாளிக்கு உணவியல் நிபுணரின் மேற்பார்வையில் அரைத்த உணவு கொடுப்பதை 2019 முதல் ஆதரிக்கிறது. 'தகுந்த நோயாளி' என்ற நிபந்தனையில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

உங்கள் மாமியாரைப் பொறுத்தவரை, வேண்டாம் என்பதே என் பதில். குழாயின் பருமன் ஃபிரெஞ்ச் என்ற அளவில் குறிக்கப்படும். ஒரு ஃபிரெஞ்ச் என்பது வெளிவிட்டத்தில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். அரைத்த உணவுக்கு 14 ஃபிரெஞ்சோ அதற்கு மேலோ உள்ள வயிற்றுக் குழாய் வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. நீண்ட நாளுக்கு மூக்கில் வைக்கும் மெல்லிய குழாய்கள் பெரும்பாலும் 8 முதல் 12 வரை இருக்கும். அவை எளிதில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் குழாயைக் கழற்றி மறுபடி போட வேண்டியிருக்கும். அது நோயாளிக்குத் துன்பம், நீங்கள் மிச்சம் பிடித்த பணமும் அதில் போய்விடும். குழாயின் முனை சிறுகுடலில் இருப்பவர்களுக்கும் இது பொதுவாகப் பொருந்தாது. கிருமிகளைக் கட்டுப்படுத்தும் இரைப்பை அமிலத்தைத் தாண்டி உணவு நேராக உள்ளே போவதும், பல மணி நேரம் மெதுவாகச் செலுத்த வேண்டியிருப்பதும் அதற்குக் காரணங்கள்.

வயிற்றுக் குழாய் உள்ளவர்களும் அளவுக் கணக்கைக் கவனிக்க வேண்டும். குழாயில் ஓடுவதற்காகத் தண்ணீரோ மெல்லிய ரசமோ ஊற்றி இளக்கும்போது உணவின் செறிவு விழுந்துவிடுகிறது. மில்லிலிட்டருக்கு 0.6 கிலோகலோரி என்று அமைந்துவிட்டால், 1500 கிலோகலோரிக்கு 2500 மில்லிலிட்டர் செலுத்த வேண்டும். ஒரு வேளைக்கு 250 மில்லிலிட்டர் என்றால் பத்து வேளை. இதைத் தொடர்ந்து செய்வது பல குடும்பங்களுக்குக் கடினம். ஏழெட்டு வேளையோடு நிறுத்திக்கொண்டால், நோயாளிக்குத் தேவையான அளவு உணவு போய்ச் சேராது. இளக்குவதற்குத் தண்ணீருக்குப் பதிலாகப் பாலையோ ஃபார்முலாவையோ பயன்படுத்துவதும், எண்ணெய் சேர்ப்பதும் செறிவைக் காக்க உதவும். நாளின் பெரும்பகுதிக்கு ஃபார்முலா, ஒன்றிரண்டு வேளைக்கு மட்டும் வீட்டு உணவு என்று பிரித்துக்கொள்வதே பல குடும்பங்களுக்கு நடைமுறையில் ஒத்துவரும் வழி. சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், பல நாள் பட்டினிக்குப் பின் உணவு தொடங்குபவர்களுக்கும் அதையும் தாமாகச் செய்யக் கூடாது.

அரைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். தயாரித்தவுடன் 4 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத குளிர்பெட்டியில் வைத்தால் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் எந்த மிக்ஸியை வாங்குவது?

பதில்: கையில் பிடித்து அமிழ்த்தும் கருவி போதாது, அது துணுக்குகளை விட்டுவிடும். வேகமும் விசையும் மிகுந்த மோட்டார், கழற்றிக் கழுவக்கூடிய பிளேடு, விரிசல் விழாத ஜாடி ஆகிய மூன்றையும் பாருங்கள். பிளேடின் அடியில் தங்கும் எச்சத்தில் கிருமிகள் பெருகுவதால், கழற்ற முடியாத பிளேடு உள்ளதை, விலை குறைந்திருந்தாலும், நான் வாங்க மாட்டேன். எவ்வளவு நல்ல மிக்ஸியானாலும் மெல்லிய சல்லடையில் வடிகட்டுவதைத் தவிர்க்க முடியாது. விதை, தோல், நார் உள்ளவற்றை முன்பே நீக்கிவிடுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய சிரிஞ்ச் குழாயின் வாயில் பொருந்தவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்கவும் மறுக்கிறார்.

பதில்: ஊசி மருந்துக்கான சிரிஞ்சும் உணவு செலுத்தும் குழாயும் தவறுதலாக ஒன்றோடொன்று இணைந்துவிடக் கூடாது என்பதற்காக, 2016இல் வெளியான ஐஎஸ்ஓ 80369-3 தரம் உணவு செலுத்தும் குழாய்களுக்கெனத் தனி இணைப்பை வகுத்தது. என்ஃபிட் என்று விற்கப்படுவது அதுதான். உங்கள் குழாய் பழைய வகையாகவும் சிரிஞ்ச் புதிய வகையாகவும், அல்லது நேர்மாறாகவும் இருக்கக்கூடும். குழாயைப் பொருத்திய மருத்துவமனையில் வகையைக் கேட்டு, தேவையானால் மாற்று இணைப்பான் ஒன்றை வாங்குங்கள். அழுத்திப் பொருத்த முயல வேண்டாம். கிருமி நீக்கிய உறையைப் பிரித்த பொருளைக் கடைக்காரர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. உறை பிரிக்கப்படாமல் இருந்தால் பில்லைக் காட்டி மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: மாத்திரைகளைப் பொடித்து உணவோடு கலந்து கொடுத்துவிடலாம் அல்லவா?

பதில்: கூடாது. உணவும் மருந்தும் கலந்தால் குழாய் அடைக்கலாம். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் போன்ற மருந்துகள் குழாய் உணவோடு சேர்ந்தால் உடலில் சேருவது குறையும். மெதுவாகக் கரையும்படி அமைத்த மாத்திரைகளையும், குடலில் கரையும் பூச்சு உள்ளவற்றையும் பொடிக்கவே கூடாது. அதே மருந்து திரவமாகக் கிடைக்கிறதா என்று மருந்தாளரிடம் முதலில் கேளுங்கள். ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகக் கொடுத்து, முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். பெரியவர்களுக்கு உணவுக்கு முன்னும் பின்னும் 30 மில்லிலிட்டர் என்பது பொதுவான அளவு. அடைப்பு ஏற்பட்டால் வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து மெதுவாகத் தள்ளி இழுத்துப் பாருங்கள். கோலா பானங்கள் அடைப்பை நீக்கும் என்று சொல்லப்பட்டாலும் அவை தண்ணீரைவிடச் சிறந்தவை அல்ல. கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள்.