இலையும் சீட்டும்: நுண்பூஞ்சை மாதிரிகள் பற்றிக் கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் நோய் கண்ட இலைகளைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐந்தாம் படிவ மாணவர்: கண்ணுக்கே தெரியாத பூஞ்சையை அருங்காட்சியகத்தில் எப்படி வைத்திருப்பார்கள், ஐயா?

அது வாழ்ந்த இலையோடு சேர்த்துத்தான், தம்பி. காய்ந்த இலையை மடித்த காகித உறைக்குள் போட்டு, மேலே விவரச் சீட்டு ஒட்டிப் பெட்டியில் அடுக்குவார்கள். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் காளான்களும் நுண்பூஞ்சைகளுமாக 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. தேவைப்படும்போது ஊசி முனையில் கொஞ்சம் சுரண்டி எடுத்து, நுண்ணோக்கியில் வித்துகளை, அதாவது பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்களை, அளப்பார்கள்.

சிறுதோட்டக்காரர்: என் பால்மர இலையில் மீன்முள் மாதிரி கறுப்புக் கோடுகள். கைப்பேசியில் படம் எடுத்தால் போதாதா?

மீன்முள் அடையாளம் என்றால் கொரினெஸ்போராவாக இருக்க வாய்ப்பு அதிகம், ஐயா. இலங்கையில் 1980களில் ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்ற ரப்பர் ரகத்தையே கைவிட வைத்த பூஞ்சை அது. படமும் எடுங்கள், ஆனால் இலையை வீசிவிடாதீர்கள். படத்தில் வித்தை அளக்க முடியாது, மரபணுவும் எடுக்க முடியாது. 1840களில் அயர்லாந்தில் பஞ்சத்தைக் கொண்டுவந்த உருளைக்கிழங்கு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் யாரோ காயவைத்துச் சேர்த்த இலைகளிலிருந்து 2013இல் மரபணுவைப் படித்து, எந்த வகைக் கிருமி என்று கண்டுபிடித்தார்கள். சேர்த்தவருக்கு மரபணு என்ற ஒன்று இருப்பதே தெரியாது! இதனால்தான் ஒவ்வொரு இலைக்காகவும் நான் இவ்வளவு கெஞ்சுகிறேன்.

பயோலஜி டீச்சர்: சீட்டில் என்னென்ன எழுத வேண்டும்? பூஞ்சையின் பெயர் தெரியாவிட்டால்?

பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், டீச்சர். எந்த மரம், எந்த இடம், எந்தத் தேதி, எடுத்தவர் யார், அவருடைய வரிசை எண் என்ன என்பவை முதலில் வேண்டும். மரத்தின் பெயர் இல்லாத நுண்பூஞ்சை மாதிரியால் பாதிப் பயன்தான், ஏனென்றால் பல பூஞ்சைகள் ஒரு சில செடிகளில் மட்டுமே வாழும். இடம் என்றால் 'பேராக்' என்று எழுதி நிறுத்தாதீர்கள். தோட்டம், பிரிவு, ஜி.பி.எஸ். எண் வரை போடுங்கள். அப்புறம், பழைய சீட்டில் பெயர் தவறாகப் பட்டால் அடிக்கக் கூடாது. உங்கள் முடிவைத் தேதியோடு தனிச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்): பழைய பதிவுகளில் இருக்கும் தோட்டங்கள் பல இப்போது இல்லையே. தாமான் (குடியிருப்புப் பகுதி) ஆகிவிட்டன.

இந்த இடத்தில் எங்களுக்கு உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும், ஐயா. கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் இன்னொன்று. இரண்டும் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சீட்டில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, தமிழ்ப் பெயரையும் இன்றைய இடத்தையும் தனியாகக் குறித்துக் கொடுங்கள். அப்படிச் செய்தால், வரைபடத்தில் இடம் தெரியாமல் கிடக்கும் ஒரு பதிவு மறுபடி பயன்படும்.

கல்லூரி மாணவி: எப்படிக் காயவைப்பது?

பழைய நாளிதழுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள், தாளைத் தினமும் மாற்றுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் வேறு பூஞ்சணம் ஏறிவிடும். அதிகச் சூடும் ஆகாது, மரபணு கெடும். தோட்டத்துக்குள் போகுமுன் மேனேஜரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வனக் காப்பகம் என்றால் வன இலாகாவின் அனுமதி வேண்டும்.

அவரே: ஒரு பூஞ்சைக்கு இங்கே பதிவே இல்லை என்றால், அது இங்கே இல்லை என்று அர்த்தமா?

பெரும்பாலும் யாரும் தேடவில்லை என்றுதான் அர்த்தம், அம்மா. ரப்பர், செம்பனை போன்ற பயிர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார்கள். வரப்போரக் களைச் செடியின் இலையை யார் புரட்டினார்கள்? ஆனால் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் விஷயம் வேறு. பிரேசிலில் ஃபோர்டு கம்பெனியின் ரப்பர் தோட்டத்தையே கெடுத்த பூஞ்சை அது. நம் நாட்டுக்குள் வராமல் இருக்கத் தொடர்ந்து காவல் காக்கிறார்கள். சந்தேகமான இலையைப் பார்த்தால் பறித்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றாதீர்கள். மரத்துக்கு அடையாளம் கட்டிவிட்டு விவசாய இலாகாவுக்குச் சொல்லுங்கள், அவர்களே வந்து எடுக்கட்டும்.