'ஜேன் அயர்' படித்து எல்லோரும் உருகுகிறார்கள், எனக்கு மட்டும் காதலே கண்ணில் படவில்லை. எனக்கு ரசனை இல்லையா?

பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன், பாடத்தில் 'ஜேன் அயர்' நாவல் இருக்கிறது, வகுப்பே அதன் நாயகன் ரோச்செஸ்டரைப் பற்றிப் பேசி மாய்கிறது, எனக்கோ அந்தப் பெண்ணின் சம்பளமும் சாப்பாடும்தான் மனதில் நிற்கிறது, இது குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டு சும்மா போக என்னால் முடியவில்லை. 14 வருடங்களுக்கு முன் இதே நாவலுக்காகச் சேலத்தில் ஒரு வகுப்பில் தலைகுனிந்து நின்றவள் நான்.

நீங்களும் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவராகத்தான் இருப்பீர்கள். வீட்டில் யாராவது கூலிக்கு வேலை செய்கிறவர்களாகவும் இருக்கலாம். இல்லையென்றால் சம்பளம் முதலில் கண்ணில் பட்டிருக்காது.

எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம். அம்மா வீட்டிலேயே கொலுசு வேலை செய்வார். பட்டறைக்காரர் வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார். கொலுசாகத் திரும்பிப் போகும்போது மறுபடி நிறுத்து, சேதாரத்தைக் கழித்து, கூலி தருவார்கள். அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு கிராமையும் பென்சிலால் குறித்து வைப்பார். கூலி குறைவு என்பதைவிடப் பெரிய பயம் அவருக்கு அட்வான்ஸ் மேல்தான். தீபாவளிக்கு, பள்ளிக்கூடச் செலவுக்கு என்று கை நீட்டி முன்பணம் வாங்கினால், அது அடைகிற வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. அப்படி வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

அந்த வீட்டில் உட்கார்ந்துதான் ஜேனைப் படித்தேன். அகராதி பார்த்துப் பார்த்து, ஒரு நாளைக்கு ஆறு பக்கம். ராத்திரி அம்மா கொலுசுக்கு மணி வைத்துக்கொண்டிருக்க, நான் படித்ததைக் கதையாகச் சொல்வேன். அநாதைப் பெண், பதினெட்டு வயதில் ஒரு பெரிய வீட்டுக் குழந்தைக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறாள், வருஷத்துக்கு முப்பது பவுண்டு என்றேன். "முப்பது பவுனா? யாரு போட்டது?" என்றார் அம்மா. நகை இல்லை, சம்பளம் என்று விளக்கினேன்.

21ஆம் அத்தியாயத்தில் ஜேன் ஊருக்குப் போக லீவு கேட்கிறாள். வீட்டு முதலாளி ரோச்செஸ்டர் ஐம்பது பவுண்டு நோட்டை நீட்டுகிறார். அவளுக்கு வரவேண்டியது பதினைந்துதான். சில்லறை இல்லையே என்று மறுக்கிறாள். பிறகு அவர் பத்து தர, வாங்கிக்கொண்டு, இன்னும் ஐந்து பாக்கி என்கிறாள். அம்மா கையில் இருந்த கொலுசைக் கீழே வைத்துவிட்டு, "நல்லவேளை கண்ணு, அந்த ஐம்பதை வாங்காம விட்டா" என்றார். அதற்குப் பிறகு கதையை ஒரு நாள்கூட விடாமல் கேட்டார்.

எனக்கு அந்த நாவல் திறந்தது அந்த இடத்தில்தான். ரோச்செஸ்டருக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமான பிறகு அவர் பட்டும் நகையுமாக வாங்கிக் குவிக்கப் பார்க்கிறார், அவளுக்கோ உடம்பு கூசுகிறது. குழந்தைக்குப் பாடம் சொல்வதை விடமாட்டேன், அந்த முப்பது பவுண்டும் எனக்கு வேண்டும் என்கிறாள். கையில் சொந்தமாகக் கொஞ்சம் பணம் இருந்தால் தேவலை என்று நினைத்து மதீராவில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். ரோச்செஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள் என்பது சர்ச்சில் வெளியே வந்து கல்யாணம் நிற்பதற்குக் காரணமே அந்தக் கடிதம்தான், அதன் மூலம் சேதி போய்த்தான் தடுக்க ஆள் வருகிறது. அவரிடம் பணத்துக்குக் கை நீட்டக் கூடாது என்ற எண்ணம்தான் அவளை அந்தப் பொய்க் கல்யாணத்திலிருந்து காப்பாற்றியது. இதைக் காதல் கதை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடன்படாமல் ஒருவரை நேசிக்க முடியுமா என்றுதான் அவள் நாவல் முழுக்கப் பார்க்கிறாள்.

இதையெல்லாம் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் அதை வகுப்பில் உரக்கப் படித்துவிட்டு, "இது இலக்கியமா, கணக்கா? காமர்ஸ் டிபார்ட்மென்ட் கீழ் மாடியில் இருக்கிறது" என்றார். இருபதுக்கு ஏழு மார்க். சிரித்தவர்களில் பாதிப் பேர் நாவலைத் தொட்டதே இல்லை, கைடைத்தான் மனப்பாடம் செய்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. எங்கள் கல்லூரி நூலகத்தில் நாவல்கள் எல்லாம் கண்ணாடி பீரோவில் பூட்டிக் கிடக்கும். சாவி யாரிடம் என்று கேட்டால் இன்னொருவரைக் காட்டுவார்கள், அவர் லீவில் இருப்பார். மூன்று வருடத்தில் அந்த பீரோ திறந்து நான் பார்த்ததில்லை. இன்று வரைக்கும் எனக்கு ஆறாத கோபம் அது. வாங்கிய புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்காத நூலகம் எதற்கு?

பெண்ணின் மனதைப் பணக் கணக்காகக் குறுக்குகிறேன் என்று யாராவது சொல்லக்கூடும். 1847இல் கரர் பெல் என்ற புனைபெயரில் இதை எழுதிய சார்லட் பிராண்டி, தானே பிறர் வீடுகளில் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவர். முப்பது பவுண்டு என்று அவர் ஏனோதானோ என்று எழுதவில்லை.

அந்த வருஷம் பொங்கல் லீவுக்கு ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். சாயங்காலம் கூடைகளை எடை போடும் இடத்தில் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வகுப்பில் நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை, கதையைச் சொல்லு என்றார். சொன்னேன். மாடி அறையில் பூட்டி வைத்த முதல் மனைவி, ஜமைக்காவிலிருந்து வந்தவள், பைத்தியம் என்று சொல்லும்போது நிறுத்தினார். "அவ எவ்வளவு போட்டுக்கிட்டு வந்தா?"

முப்பதாயிரம் பவுண்டு. நானே அப்போதுதான் சேர்த்துப் பார்த்தேன், ஜேனின் சம்பளத்தைப் போல ஆயிரம் மடங்கு. பெரியம்மா விரலில் ஒட்டிய பழத்தோலைத் துடைத்துக்கொண்டே, "அவ்வளவையும் வாங்கிட்டு மாடியில பூட்டுனானா? யாரு பெத்த புள்ளையோ, அவ பக்கத்து நாயத்த யாரும் கேக்கலையா?" என்றார்.

எம்.ஏ. படிக்கும்போதுதான் தெரிந்தது, டொமினிகாவில் பிறந்த ஜீன் ரீஸ் என்ற எழுத்தாளர், அந்தப் பெண்ணின் பக்கத்து நியாயத்தையே தனி நாவலாக 1966இல் எழுதியிருக்கிறார் என்று. அதைப் பாடமாகவே வைத்திருந்தார்கள். ஐந்தாவது வரை படித்த என் பெரியம்மா எடை மேடைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட அதே கேள்வி.

கட்டுரை எழுத வேண்டியிருந்தால் பக்கங்களைக் குறித்துக்கொண்டு எழுதுங்கள். சம்பள பாக்கிப் பேச்சு 21ஆம் அத்தியாயம், பட்டுத் துணியும் கடிதமும் 24, கல்யாணம் நிற்பது 26, முப்பதாயிரம் 27. கைடில் தேடாதீர்கள், நாவலையே எடுங்கள்.