வாடகைக் கணினி – கடிதம்

வணக்கம் சார்,

லெண்டிங் லைப்ரரிகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் கேள்வி வேறொரு வாடகையைப் பற்றி. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினி வேண்டும் என்று வீட்டில் கேட்க முடியாது. கிளவுட் கேமிங்கில் மாதச் சந்தா கட்டினால் என் பழைய லேப்டாப்பிலேயே பெரிய கேம்களை ஆடலாம். ரூம் நண்பர்கள் 'அது கேம் இல்லைடா, வீடியோ' என்று கிண்டல் செய்கிறார்கள். 'கூகுளின் ஸ்டேடியாவைப் பார், ஒருநாள் மூடிவிட்டுப் போய்விடுவான்' என்கிறார்கள். நீங்களும் கேம் ஆடுவதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

ஆடுவேன். ஐம்பதைத் தாண்டியபின் அதை வெளியே சொல்லக் கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான்.

உங்கள் நண்பர்கள் 'வீடியோ' என்று கிண்டலாகச் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. கேம் ஓடுவது எங்கோ ஒரு சர்வரில். நீங்கள் பட்டனை அழுத்தியது அங்கே போக வேண்டும், அங்கே படம் உருவாகி வீடியோவாகச் சுருங்கி இங்கே வந்து விரிய வேண்டும். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வரவே 10 மில்லிநொடி ஆகிவிடும். எந்த நிறுவனமும் இதைக் குறைக்க முடியாது, சர்வரைப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதைத் தவிர.

போன வருடம் ஒரு சேவையை (பெயர் வேண்டாம்) மூன்று மாதம் ஆடினேன். காலை ஆறு மணிக்கு ஆடினால் கணினி என் மேஜைக்கு அடியில் இருப்பது போலவே இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு அதே கார், அதே வளைவு. ஸ்டீயரிங்கைத் திருப்புகிறேன், கார் நேராகப் போகிறது. படம் கட்டம் கட்டமாக உடைகிறது. தெளிந்தபோது வண்டி சுவரில். பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி, "நிஜத்திலும் இப்படித்தான் ஓட்டுகிறீர்கள்" என்றார். இது லேக், பட்டனை அழுத்துவதற்கும் திரையில் தெரிவதற்கும் நடுவே வரும் தாமதம் என்று அவரிடம் எப்படி விளக்குவது?

ஆனால் லேக்கை எல்லாரும் ஒரே மாதிரி உணர்வதில்லை. சண்டை கேம் ஆடுபவருக்கு இரண்டு ஃபிரேம், அதாவது இரண்டு படம், தாமதம் என்றால் தோல்வி. முறை வைத்து ஆடும் வியூக கேமில் அரை நொடி போனாலும் ஆட்டம் கெடாது. இணையத்தில் நடக்கும் பாதிச் சண்டை, வேறு வேறு கேம் ஆடுகிறவர்கள் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு போடுவது.

எனக்கு லேக்கைவிடக் காசு வாங்கும் முறைதான் முக்கியம். கிளவுட் கேமிங் ஒன்றும் நேற்று வந்ததில்லை. ஆன்லைவ் என்ற சேவை 2010இலேயே அமெரிக்காவில் தொடங்கி, 2015இல் காப்புரிமைகளை சோனிக்கு விற்றுவிட்டு மூடியது. கூகுளின் ஸ்டேடியா 2019 நவம்பரில் வந்தது, 2023 ஜனவரி 18இல் நின்றது. இந்தியாவுக்கு அது வரவே இல்லை.

லெண்டிங் லைப்ரரியில் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருப்பார்கள். நாள் வாடகை சில்லறைக் காசு. கடை மூடினால் வருத்தப்பட்டோமே தவிர ஏமாற்றிவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை. புத்தகம் அவருடையது என்று நமக்குத் தெரியும். ஸ்டேடியாவிலும் மாதச் சந்தா இருந்தது. ஆனால் சந்தாவில் வராத புதிய கேமுக்கு 60 டாலர் வரை முழு விலை கேட்டார்கள். முழு விலையும் கொடுத்து, புத்தகத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வா என்பது போல. ஆட்டக்காரர்கள் முதல் நாளே இதைச் சொன்னார்கள். மூடும்போது கேம் விலையையும் தங்கள் கடையில் வாங்கிய கருவிகளின் விலையையும் கூகுள் திருப்பிக் கொடுத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலான கடைகள் அதைக்கூடச் செய்யாது.

ஆனால் சேவ், அதாவது ஆட்டத்தில் எதுவரை வந்தோம் என்ற பதிவு? 'ரெட் டெட்' கேமை ஸ்டேடியாவில் கிட்டத்தட்ட 6,000 மணி நேரம் ஆடிய ஒருவர், தன் கதாபாத்திரத்தை வேறு இடத்துக்கு மாற்ற வழிசெய்யுங்கள் என்று கெஞ்சியது அப்போது செய்தியானது. அவர் கேட்டது பணம் இல்லை. உபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம் தன் கேம்களை ஸ்டேடியாவில் வாங்கியவர்களுக்குக் கணினிப் பதிப்பையே கொடுத்தது. எல்லா நிறுவனங்களும் அப்படி இல்லை.

கிராஃபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ் என்ற சேவை வேறு ஏற்பாடு. நீங்கள் ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில் வாங்கிய கேமை அவர்கள் கணினியில் ஓட்டுகிறார்கள். அவர்கள் மூடினாலும் கேம் உங்கள் கணக்கில் இருக்கும். ஆனால் 2020 பிப்ரவரியில் அது முழு அளவில் தொடங்கிய சில நாட்களிலேயே ஆக்டிவிஷன் பிளிஸார்டு என்ற கேம் வெளியீட்டு நிறுவனம் தன் கேம்களை விலக்கிக்கொண்டது, அப்புறம் பெதெஸ்டா என்ற நிறுவனமும். காசு கொடுத்து வாங்கிய என் கேமை நான் எந்தக் கணினியில் ஓட்டினால் உனக்கென்ன என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். நியாயமான கேள்விதான். வெளியீட்டாளர்கள் அப்போது அசையவில்லை. சந்தா கட்டினாலும் மாதம் 100 மணி நேரம்தான் என்ற வரம்பை 2024இல் என்விடியா அறிவித்தபோது, அதில் பெரும்பாலோருக்குக் கஷ்டமில்லை என்றாலும் முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு அது புரிகிறது. மீட்டர் ஓடுவது தெரிந்தால் ஆட்டோவில் நிம்மதியாக உட்கார முடியாது.

சரி, உங்கள் விஷயம். தாராளமாகச் சந்தா கட்டுங்கள். வீட்டில் கேட்டுச் சங்கடப்படுவதைவிட அது மேல். வேறு எங்கும் எடுத்துப்போக முடியாத கேமுக்கு மட்டும் முழு விலை கொடுக்காதீர்கள். அப்புறம், போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இறங்க வேண்டாம். 10 எம்பிபிஎஸ்ஸில் ஓடினால் மணிக்கு 4.5 ஜிபி, நாளுக்கு 2 ஜிபி பிளான் அரை மணி நேரம்கூடத் தாங்காது. ஹாஸ்டல் வைஃபைதான் என்றால் முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டி, இரவு ஒன்பது மணிக்கு ஆடிப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு ஆடிப் பார்த்துவிட்டு வருடச் சந்தா கட்டி ஏமாந்தவன் சொல்கிறேன்.