பீக்கருக்கு வெளியே

அன்புள்ள ஐயா,

வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் நிலையில் இருக்கிறேன். வாழைநாரிலிருந்து சாயக்கழிவு நீரைச் சுத்தம் செய்யும் தூள் ஒன்றைச் செய்திருக்கிறேன். மெத்திலீன் நீலக் கரைசலில் நல்ல முடிவு வந்தது. முதலில் கட்டுரையா, காப்புரிமையா? அறிவியல் முடிந்துவிட்டது, திருப்பூருக்குக் கொண்டுபோவது இனி தொழில்காரர்கள் வேலை என்கிறார் நெறியாளர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

க.

அன்புள்ள க.,

முதலில் காப்புரிமை. தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டுக் கட்டுரையை அனுப்புங்கள். முழு விவரம் தர 12 மாதம் கிடைக்கும். மற்றதை உங்கள் பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

"அறிவியல் முடிந்துவிட்டது" என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. கொஞ்ச நாளாகவே, பென்சிலினை மருந்தாக்க உழைத்த உயிர்வேதியியலாளர் நார்மன் ஹீட்லி என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறார்.

1928-இல் ஃபிளெமிங் கண்ட பூஞ்சை பத்தாண்டுக்கு மேல் மருந்தாகவே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரியும் செயினும் அதைக் கையிலெடுத்தபோது, பிரித்தெடுக்கப் போனாலே பென்சிலின் கெட்டுப்போனது. அமிலமாக்கிக் கரைப்பானுக்குள் இழுத்து, அங்கிருந்து லேசான காரத் தண்ணீருக்குத் திரும்ப இறக்கலாம் என்று வழி சொன்னவர் ஹீட்லி. போர்க்காலம், பாத்திரத்துக்குப் பஞ்சம். நோயாளிக்கு வைக்கும் பெட்பேனில்கூடப் பூஞ்சை வளர்த்தார்கள். பிறகு அதே சாயலில் பீங்கான் கலங்களை அவரே வடிவமைத்துச் செய்து வாங்கினார். அப்படியும் 1941-இல், அங்கே தொற்றுக்குச் சிகிச்சை பெற்ற முதல் நோயாளியான போலீஸ்காரருக்கு மருந்து போதவில்லை. அவர் சிறுநீரிலிருந்தே பென்சிலினைப் பிரித்து மறுபடி ஏற்றினார்கள். தேறிவந்த மனிதர், கையிருப்பு தீர்ந்ததும் நோய் திரும்பி இறந்துபோனார்.

அந்த ஆண்டே ஃபுளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா போனார்கள். பியோரியா ஆய்வகத்தில், மக்காச்சோள ஸ்டார்ச் ஆலையில் மிஞ்சும் ஊறல்நீரைச் சேர்த்ததும் விளைச்சல் பல மடங்கானது. நொதித்தல் முறையில் சிட்ரிக் அமிலம் தயாரித்துக் கைப்பழகிய ஃபைசர் நிறுவனம், 1944-இல் புரூக்ளினில் பெரிய தொட்டிகளிலேயே பென்சிலினை வளர்த்தது. இதில் எந்த இடத்தில் அறிவியல் முடிந்தது, சொல்லுங்கள்? 1945-இல் நோபல் பரிசு ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவருக்கும் போனது. ஹீட்லிக்கு இல்லை. பெரிய அளவில் செய்துபார்ப்பதை எடுபிடி வேலையாக நம் துறைகள் இன்றும் இளக்காரமாகப் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் நெறியாளரும் அதையேதான் சொல்கிறார்.

உங்கள் தூளையே எடுங்கள். மெத்திலீன் நீலம் நேர்மின்னேற்றம் உள்ள சாயம். பனியன் துணிக்கு ஏற்றுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம், அதற்கு எதிர்மின்னேற்றம். ஒன்றைப் பிடித்த தூள் மற்றதையும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. கூடவே மூட்டை மூட்டையாக உப்பு, சோடா. காய்ச்சி வடித்த நீரில் ஜெயித்த தூள் அந்தத் தண்ணீரில் என்ன ஆகும் என்று பார்த்தீர்களா? சாயம் குடித்த தூளை எங்கே கொட்டுவீர்கள்? இதற்கெல்லாம் விடை தேடுவது வேதியியல் இல்லையா? தொழில்காரர் தலையில் கட்டுவது சோம்பல். இத்தனை வருடம் அந்த நாரோடு கண்விழித்தவர் நீங்கள். அதன் குணம் உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்? அந்த உரிமையில்தான் திட்டுகிறேன்.

இந்த வாரமே ஒரு சாயப்பட்டறையில் கேட்டு இரண்டு கேன் கழிவுநீர் வாங்கி வாருங்கள். தூள் அதில் எங்கே தோற்றது என்று எனக்கு எழுதுங்கள்.