ஹெட்செட்டைக் கழற்றினால் பேச்சு வரவில்லையா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல, கேம் விளையாடும் பிள்ளைகளைப் பற்றியவை. பாலக்காட்டு எல்லைப் பக்கமிருந்து வந்த நான்கை எடுத்துக்கொண்டோம். பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்யும் எங்கள் ஆலோசகர் குழு பதில் எழுதியிருக்கிறது.

கேள்வி: மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. பி.ஜி.எம்.ஐ. என்ற துப்பாக்கி கேமை போனில் விளையாடும்போது மைக்கில் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுகிறான். என் தம்பி வீட்டுக்கு வந்தால் 'வாங்க மாமா' என்று சொல்லக்கூட வாய் வருவதில்லை, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடுமா?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: போன் போனால் மைக்கில் இப்போது பேசுகிற மூன்று கூட்டாளிகளும் போய்விடுவார்கள், மாமாவிடம் பேச்சு வந்துவிடாது. மைக்கில் அவனுக்கு ஏன் பேச வருகிறது என்று பாருங்கள். நான்கு பேர் கொண்ட ஸ்க்வாட், அதாவது அணி. எல்லோருக்கும் ஒரே வேலை. 'ரெண்டு எனிமி, மாடியில', 'என்னை ரிவைவ் பண்ணு', 'ஜோன் வருது, ஓடு' – என்ன சொல்ல வேண்டும் என்பதை ஆட்டமே எடுத்துக் கொடுக்கிறது. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். இரண்டு நிமிடம் சும்மா இருந்தாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆட்டம் முடிந்தால் பேச்சும் முடிந்தது. மாமா வந்து சோபாவில் உட்கார்ந்தால் இதில் ஒன்றுகூட இல்லை. வேலை இல்லை, விஷயம் இல்லை, எப்போது எழுந்து போகலாம் என்பதும் தெரியாது. எல்லார் பார்வையும் அவன் மேல்.

ஆகவே வேலையையும் முடிவு நேரத்தையும் நீங்கள் கொடுங்கள். காலையிலேயே சொல்லிவிடுங்கள்: 'மாமா அஞ்சு மணிக்கு வர்றார். கேட்டைத் திறந்து வாங்க மாமான்னு சொல்லு, தண்ணி கொண்டுவந்து கொடு, பத்து நிமிஷம் உட்காரு. அப்புறம் நீ போயிக்கலாம்.' பத்து நிமிடம் ஆனதும் அவன் எழுந்தால் தடுக்காதீர்கள். 'இன்னும் கொஞ்ச நேரம் இரேன்' என்று ஒரு முறை இழுத்துவிட்டால், அடுத்த தடவை அந்தப் பத்து நிமிடத்துக்கும் வரமாட்டான். தம்பியிடமும் தனியாகச் சொல்லி வையுங்கள்: மார்க் எவ்வளவு, ரேங்க் எத்தனை என்று தொடங்க வேண்டாம். 'எந்த மேப்ல விளையாடுற?' என்று கேட்டால் பதில் தானாக வரும். வந்தவர்களிடம் 'இவன் யார்கிட்டயும் பேசமாட்டான்' என்று அவன் காதுபடச் சொல்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதைக் கேட்டுக் கேட்டே பிள்ளை அப்படி ஆகிவிடுவான்.

கல்யாண வீடுகளில் 'போய் எல்லார்கூடவும் பேசு' என்று தள்ளிவிடுவதைவிட, பந்தியில் தண்ணீர் வைக்க விடுங்கள். 'தண்ணி வைக்கட்டுங்களா?' என்ற ஒரே வாக்கியம், நாற்பது இலைக்கு நாற்பது முறை. ஒவ்வொருவரும் ஒரு சொல்லோ சிரிப்போ திருப்பித் தருவார்கள். நாலாவது வரிசைக்குள் குரல் தெளிந்துவிடும். சாம்பார் வாளி வேண்டாம், சிந்தினால் அன்றைக்கே வெறுத்துவிடுவான்.

விளையாட்டை நிறுத்தச் சொல்லும் நேரத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பி.ஜி.எம்.ஐ.யில் 'எரங்கல்' என்ற மேப்பில் (ஆடுகளத்தில்) ஒரு கிளாசிக் மேட்ச் அரை மணி நேரம் வரை போகும். நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் இழுத்தால் மற்ற மூன்று பேர் இவனைத் திட்டுவார்கள், அடுத்த நாள் சேர்க்கவும் மாட்டார்கள். 'இந்த மேட்ச் முடிய எவ்வளவு நேரம் ஆகும்?' என்று கேளுங்கள், முடிந்து லாபிக்கு (கேமின் முதல் திரைக்கு) வந்ததும் எழுப்புங்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நாளைக்கு 3 மணி நேரம் என்ற வரம்பை அந்த கேமிலேயே வைத்தார்கள்; பெரியவர் என்று பதிந்து கணக்குத் தொடங்கியிருந்தால் அது வேலை செய்யாது. கணக்கை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எட்டாம் வகுப்பு என்பதால் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. கேரள உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் நடக்கும் 'லிட்டில் கைட்ஸ்' என்ற கணினி மன்றத்துக்கு எட்டாம் வகுப்பில்தான் தகுதித் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கான ஸ்க்ராட்ச் மென்பொருளில் கேம் செய்வது, அனிமேஷன், சின்னச் சின்ன எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் உண்டு. கேம் தெரிந்த பையனுக்கு அங்கே மதிப்பு. அவன் பள்ளியில் மன்றம் இருக்கிறதா, தேர்வு எப்போது என்று இந்த வாரமே வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். அடுத்த வருடம் கேட்டால் பயனில்லை.

கேள்வி: பொள்ளாச்சியில இருந்து மாறி வந்து இங்க பத்தாவது படிக்கிறேன். கிளாஸ்ல எல்லாரும் மலையாளம். என் மலையாளத்தைக் கேட்டு சிரிக்கிறாங்க. இன்டர்வெல்ல எங்க நிக்கிறதுன்னே தெரியல. யாராவது பேசினா நான் கேம் பத்தியே பேசறேன், ரெண்டு நிமிஷத்துல போயிடறாங்க. என்னதான் பேசறது?
– 15 வயது வாசகர், வேலந்தாவளம்

பதில்: தம்பி, அந்த இரண்டு நிமிடத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். 'நீ என்ன கேம் விளையாடுவ?' என்று ஒருவன் கேட்கிறான். நீ எம்416 துப்பாக்கிக்கும் ஏ.கே.எம்-முக்கும் ரீகாயில் எப்படி மாறும், எந்த ஸ்கோப் போடுவாய், போன சீசனில் க்ரௌன் வரை போனது, உன் கே.டி. எவ்வளவு என்று அடுக்குகிறாய். அவன் 'ம்' என்கிறான். அடுத்து வெறும் தலையாட்டல். அடுத்து அவன் கால் வேறு பக்கம் திரும்புகிறது. அவன் பேசுவதற்கு நீ இடமே விடவில்லை, அவ்வளவுதான். இதற்கு ஒரு அளவு வைத்துக்கொள்: இரண்டு வாக்கியம், பிறகு ஒரு கேள்வி. 'பி.ஜி.எம்.ஐ. ஆடுவேன். பெரும்பாலும் ராத்திரிதான். நீ எது ஆடுவ?' அவன் ஃபுட்பால் என்றால், உனக்குத் தெரியாவிட்டாலும் 'எந்தப் பொசிஷன்ல?' என்று கேட்கலாம். 'எது', 'எப்படி' என்ற கேள்விகளுக்குப் பேச்சு நீளும். 'ஏன்' என்று கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும். கேள்வியாகவே மூன்று அடுக்கினாலும் அதே கதிதான்; நடுவில் உன்னைப் பற்றி ஒன்று சொல்.

எங்கே நிற்பது? ஐந்தாறு பேர் வட்டமாக நிற்கும் கூட்டத்தை விட்டுவிடு, அதற்குள் நுழைவது பழகியவர்களுக்கே கஷ்டம். இரண்டு மூன்று பேர் இருக்கும் இடம், அதுவும் கையில் ஏதாவது வேலை இருக்கும் இடம் நல்லது. மைதானத்தில் என்றால் கோட்டுக்கு வெளியே, பந்து அதிகம் உருண்டு வரும் பக்கமாக நில். இரண்டு மூன்று நிமிடம் பார். பந்து வெளியே வந்தால் எடுத்துப் போடு. ஆட்டம் ஓடும்போது கேட்காதே, யாருக்கும் காதில் விழாது. கோல் விழுந்து எல்லோரும் திரும்பி நடக்கும்போது, ஓரமாக இருப்பவனிடம் கேள்: 'ஞானும் கூடட்டே?' (நானும் சேரட்டுமா?) இன்னும் எளிய வழி, 'ஞான் கோளி நில்க்காம்' (நான் கோல்கீப்பராக நிற்கிறேன்) என்பது. கோல்கீப்பராக நிற்க யாரும் விரும்புவதில்லை, அதனால் மறுக்கவும் மாட்டார்கள். கேமில் மேட்ச்மேக்கிங் உனக்கு ஆள் தேடித் தரும். மைதானத்தில் அந்த வேலை உன்னுடையது.

'ஆள் ஆயிப்போச்சு' என்றால் பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். 'சரி, அடுத்த ஆட்டத்துக்கு' என்று சொல்லிவிட்டு அங்கேயே நில். முகம் சுருங்கிப் போய்விட்டால் உனக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். மூன்று நாள் கேட்டும் அதே குழு அதையே சொன்னால் வேறு குழுவைப் பார்.

நெஞ்சு படபடக்கும். அந்த இடத்திலேயே நின்றால் சில நிமிடங்களில் தணியும். தணிவதற்கு முன்னால் ஓடிவிட்டால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனது கணக்குப் போட்டுவிடும், மறுநாள் இன்னும் கடினமாகிவிடும். கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் புருவத்தைப் பார், எதிரில் இருப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது.

உனக்கு மைதானம் ஒத்துவராவிட்டால் கேரம். கேரளத்தில் ஊர் வாயனசாலைகளிலும் (படிப்பகங்களிலும்) கிளப்புகளிலும் சாயங்காலம் கேரம் போர்டைச் சுற்றி ஆள் இருக்கும். இந்த விஷயத்துக்கு அதைவிட நல்ல ஆட்டம் இல்லை என்பது எங்கள் அபிப்பிராயம். நான்கு பேர், எல்லார் கண்ணும் போர்டில். கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1. ஒருவர் அடிக்கும்போது மற்ற மூவரும் சும்மா இருந்தால்தான் மரியாதை. பவுடர் டப்பாவை நகர்த்துவது, குழியில் விழுந்த காயை எடுத்துக் கொடுப்பது, 'நல்ல அடி' என்பது, ஸ்ட்ரைக்கர் உள்ளே போனால் எல்லோரும் 'அய்யோ' என்பது – பேச்சு அதுவாகத் துளித்துளியாக வரும். ஒரு நாளைக்கு ஒரு போர்டு போதும்.

மலையாளத்துக்குச் சிரிக்கிறார்கள் என்றாயே. சரியான சொல்லை அவர்கள் சொன்னால் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர். நடுவில் நிறுத்தி விளக்கம் சொல்லாதே. தினமும் வாயைத் திறந்து பழக பஸ் நல்ல இடம். கண்டக்டரிடம் 'ஒரு எஸ்.டி.' (மாணவர் சலுகை டிக்கெட்) என்று இறங்கும் இடத்தையும் சேர்த்துக் கேட்கும்படி சொல். காசை மட்டும் நீட்டாதே. மதியம் பக்கத்தில் இருப்பவனிடம் 'ஊணு கழிச்சோ?' (சாப்பிட்டாயா?), கடைசி பீரியட் முடிந்ததும் 'ஹோம்வொர்க் எந்தா?' முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும், மைதானத்தை இரண்டாவது வாரம் பார்க்கலாம். தினம் பட்டப்பெயர் வைப்பது, பையை ஒளிப்பது, அடிப்பது என்று போனால் அது சிரிப்பு இல்லை. அன்றைக்கே வகுப்பாசிரியரிடமோ பள்ளி கவுன்சிலரிடமோ சொல்.

பேச்சை முடிக்கத் தெரியாமலும் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 'சரிடா, பெல் அடிக்கப் போகுது, நாளைக்குப் பாக்கலாம்.' அவ்வளவே. மறுநாள் அவன் சொன்னதில் ஒன்றை ஞாபகம் வைத்துக் கேள்: 'நேத்து மேட்ச் என்னாச்சு?'

கேள்வி: என் தம்பி ஒரு வழியாக ஒரு நண்பனை வீட்டுக்குக் கூட்டிவந்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு போனோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துவிட்டார்கள். மலப்புறத்தில் ஒரு ஆன்லைன் நண்பனையும் நேரில் பார்க்க வேண்டும் என்கிறான். அனுப்பலாமா?
– ஒரு அக்கா, மீனாட்சிபுரம்

பதில்: முதல் விஷயத்துக்கு மருந்து, இரண்டு பேருக்கு ஒரே போன். லூடோ கிங்கில் ஒரே போனைக் கை மாற்றி ஆடும் வசதி இருக்கிறது. அவன் முறை வரும்போது போனை நீட்ட வேண்டும், ஏமாற்றினால் சண்டை போட வேண்டும், வேறென்ன வேண்டும்? ஒன்றரை மணி நேரம் போதும். 'ஆறு மணிக்கு அவங்க அப்பா வருவார்' என்று முன்பே தெரிந்திருக்கட்டும். பாதியில் பஜ்ஜியோ பழம்பொரியோ கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள், அங்கேயே உட்கார்ந்து அந்தப் பையனின் குடும்ப விவரம் கேட்காதீர்கள்.

ஆன்லைன் நண்பனை அடியோடு மறுத்தால் தம்பி சொல்லாமல் போவான். முதலில் வீடியோ காலில் முகம் பார்க்கட்டும். அந்தப் பையனின் அம்மாவோ அப்பாவோ உங்கள் அம்மாவிடம் பேசட்டும். இந்த இரண்டுக்கும் எதிர்த்தரப்பு சாக்குச் சொன்னால் சந்திப்பு கிடையாது. பேசியாகிவிட்டால் பாலக்காட்டுக் கோட்டை போன்ற ஆள் நடமாட்டமுள்ள இடம், பகல் நேரம், பெரியவர் ஒருவர் கூப்பிடு தூரத்தில். படம் அனுப்பச் சொல்வது, 'வீட்டில் சொல்லாதே' என்பது, யு.சி. (கேமுக்குள் செலவழிக்கும் காசு) வாங்கித் தருகிறேன் என்று ஓ.டி.பி. கேட்பது – இதில் ஒன்று வந்தாலும் சாட் பதிவுகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் 1098, பணம் போயிருந்தால் உடனே 1930.

கேள்வி: என் வகுப்பில் இரண்டு மூன்று பையன்கள் எப்போதும் கேம் பேச்சுதான். இதை அடிமைத்தனம் என்று எப்போது சொல்வது?
– ஒரு ஆசிரியர், சித்தூர்

பதில்: மணிக்கணக்கை வைத்து மட்டும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் கேமிங் கோளாறுக்கு மூன்று அடையாளங்கள். நிறுத்த நினைத்தாலும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி கேம் முன்னுக்கு வருவது, கெடுதல் கண்ணெதிரே நடந்தும் தொடர்வது. வழக்கமாக இது 12 மாதமாவது நீடித்து, படிப்பும் வீடும் தெளிவாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். இடைவேளையில் கேம் பேசிச் சிரிக்கிற உங்கள் பையன்கள் இதில் வரமாட்டார்கள். அவர்களுக்குப் பேச ஆளாவது இருக்கிறது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு ஒருவனைப் பற்றி: முதல் பீரியடில் தூங்குகிறவன், திங்கட்கிழமைகளில் வராதவன், முன்பு பேசிக்கொண்டிருந்து இப்போது யாரோடும் ஒட்டாதவன், கேம் பேச்சிலும் கலந்துகொள்ளாதவன். சின்ன வயதிலிருந்தே முகபாவம் புரியாமல், ஒரே விஷயத்திலேயே நின்று, சத்தத்துக்கு மிரளும் பிள்ளை என்றால் ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். அதற்குக் கேமைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டுக்கும் பள்ளி கவுன்சிலர் வழியாக மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பலாம். கேரளக் காவல்துறையின் டி-டாட் மையமும் திருச்சூரில் இருக்கிறது, டிஜிட்டல் அடிமைத்தனத்துக்கு 18 வயதுக்குட்பட்டவர்களுக்கான ஆலோசனை தருகிறது. போனில் என்றால் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 அல்லது கேரளத்தின் சுகாதார உதவி எண்ணான திசா 1056. கூப்பிடும் முன் நான்கு விவரங்களை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: வயது, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான், மாதத்தில் எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை, இந்த மாற்றம் எப்போது தொடங்கியது. முதல் அழைப்பைப் பெற்றோரே பேசலாம், பையன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை.