2025 விலக்கு ஆணை இலங்கைத் தமிழர்களுக்குக் குடியுரிமை தந்ததா?

"2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட ஆணையால் தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழ் அகதிகளுக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கவில்லை. சிறைக்குப் போக நேரிடும் என்ற அச்சம் மட்டுமே நீங்கியிருக்கிறது. 1990-இல் ஒன்பது வயதில் தலைமன்னாரிலிருந்து படகேறி வந்து, மண்டபம் முகாமில் பதிவாகி, இப்போது வளசரவாக்கத்தில் வெளிப்பதிவில், அதாவது முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு, வாழும் எனக்கு இந்த வேறுபாடு அன்றாட வாழ்க்கையாகவே இருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கே கிடையாது. ஆகவே, எத்தனை ஆண்டுகள் அரசின் அரிசியை உண்டிருந்தாலும், சட்டத்தின் முன் நாங்கள் வெளிநாட்டவரே. 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் நுழைந்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. அதையொட்டி வந்த விலக்கு ஆணைதான், 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களை அந்தப் பிடியிலிருந்து விடுவித்தது. செய்தியைப் படித்துக் காட்டியபோது, எழுபத்தாறு வயதான என் அம்மா, "அப்ப இனி பொலிஸ்காரர் பிடிக்க மாட்டினமோ?" என்று மட்டும் கேட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தக் கேள்வியோடுதான் அவர் உறங்கியிருக்கிறார் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

ஆணையின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். 2015 ஜனவரி 9 என்பது மைத்திரிபால சிறிசேன இலங்கை அதிபராகப் பதவியேற்ற நாள். அதற்குப் பின் வந்தவர்களுக்கு, குறிப்பாக 2022-இல் பொருளாதார நெருக்கடியால் பட்டினிக்கு அஞ்சித் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் குழந்தைகளோடு வந்திறங்கியவர்களுக்கு, இந்த விலக்கு பொருந்தாது. போருக்கு அஞ்சி ஓடியவரையும் பசிக்கு அஞ்சி ஓடியவரையும் ஒரு தேதியால் பிரிப்பது நியாயமன்று என்பதே என் உறுதியான கருத்து.

குடியுரிமைக்கு வருவோம். அது வேறொரு சட்டம். 2025 ஆணை அதைத் தொடவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்புவரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அந்த நாளிலிருந்தோ, ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இதன் பொருளை என் தம்பியின் வீட்டில் பார்க்கலாம். தம்பி மனைவி திருநெல்வேலிக்காரர், இந்தியக் குடிமகள். 2004 மார்ச்சில் பிறந்த மகன் இந்தியன். கடவுச்சீட்டு வாங்கி மலேசியாவில் வேலை பார்க்கிறான். 2006-இல் அதே மருத்துவமனையில் பிறந்த மகளுக்குப் பிறப்புவழிக் குடியுரிமை இல்லை. "அண்ணனுக்கு உண்டு, எனக்கு ஏன் இல்லை, பெரியப்பா?" என்று அவள் கேட்டபோது, ஒரு தேதியைத் தவிர வேறு காரணம் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. கடவுச்சீட்டின்றி நாட்டுக்குள் 'நுழைந்தவர்' என்றுதான் சட்டம் சட்டவிரோதக் குடியேறியை வரையறுக்கிறது. இங்கேயே பிறந்த குழந்தை எந்தக் கடலைக் கடந்து நுழைந்தது?

2019-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் சிறுபான்மையினருக்கு மட்டுமே வழி திறந்தது; இலங்கை அதில் இல்லை. தமிழ்நாட்டு அரசு 2021-இல் முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியதும் வீடுகள் கட்டிக்கொடுத்ததும் எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் குடியுரிமை வழங்கும் அதிகாரம் மாநிலத்திடம் இல்லை.

உங்கள் குடும்பமும் எங்களைப் போன்றதென்றால், ஆணையிலுள்ள 'பதிவு பெற்ற' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒருமுறை வீடு மாறியதை உரிய காலத்தில் தெரிவிக்கத் தவறியதற்காக நான் ஆறு மாதம் அலைந்திருக்கிறேன். முகாம் அட்டை, காவல் நிலையப் பதிவு, பழைய முகவரிச் சான்றுகள் ஆகியவற்றில் ஒன்றைக்கூடத் தொலைத்துவிடாதீர்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழ் வாங்கியதோடு நிறுத்தாமல், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலும் பிறப்பைப் பதிவுசெய்யுங்கள். இல்லையேல் அவர்கள் இரு நாட்டு ஏடுகளிலும் இல்லாதவர்களாகிவிடுவார்கள். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.